மலையில் முன்னால் போகும் கணவர், பின்னால் வரும் மனைவி

கேள்வி

வணக்கம் மேடம். எனக்கு வயது 46, என் கணவருக்கு 50. ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். மகள் படிக்க வெளியூர் போனதிலிருந்து, விடுமுறை வந்தால் இரண்டு பேரும் நடக்கக் கிளம்பிவிடுவோம். கருங்காடு, ஆல்காய், டைரோல் என்று நாலைந்து இடம் ஆயிற்று. எல்லாம் ஒரு நாள் நடைதான். பெரிய சண்டை வந்ததில்லை.

போன ஜூலையில், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் நெடும்பாதைக்குப் போனோம். லே ஊஷ் கிராமத்தில் தொடங்கிப் பத்து நாள் திட்டம். இரண்டாம் நாள் லே கொந்தமீனிலிருந்து க்ருவா து பொனொம் கணவாய்க்கு ஏற்றம். அவர் முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டார். நான் தனியாக ஏறி மேலே போனபோது ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்து, மூடியைத் துடைத்து உள்ளே வைத்தாகிவிட்டது. பேக்கின் மார்புப் பட்டைகூட மாட்டியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டியா, போலாமா?" என்றார். நான் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நடந்தேன். இறக்கத்தில் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரியும் மறுநாள் முழுவதும் பேசவில்லை. நாலாம் நாள் இத்தாலியின் கூர்மாயூரோடு நிறுத்திவிட்டு, மலைச் சுரங்கப்பாதை வழியே போகும் பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

மிச்சத்தை அடுத்த ஜூலையில் முடிக்கலாம், விடுதிகளை இப்போதே பதிவு செய்ய வேண்டும் என்று தினமும் கேட்கிறார். "நான் காத்துக்கிட்டுதானே இருந்தேன், அதுல என்ன குறை?" என்கிறார். மூச்சு வாங்க வருகிறவளைப் பார்த்தால் சொல்லாமலே புரிய வேண்டாமா? திருமணமாகி 24 வருஷம். நான் அவருக்குத் துணையா, சுமையா என்றே தெரியவில்லை. மலை எனக்கும் பிடிக்கும். போகலாமா, வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாறையில் நடந்ததை முதலில் கணக்காகப் பார்ப்போம். அது கிட்டத்தட்ட 1,300 மீட்டர் ஏற்றம். மணிக்கு 400 மீட்டர் ஏறுகிறவருக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். 300 மீட்டர் ஏறுகிறவருக்கு நாலு மணி இருபது நிமிடம். உங்கள் இருவர் வேகமும் இந்த அளவு என்றால், அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைத்திருக்கிறது. நீங்கள் வந்த நிமிடமே கிளம்பியதால் உங்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். அவர் மனதில் "அவளுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்று இருக்கிறது. உங்கள் மனதில் "எனக்காக ஒரு நிமிடம்கூட இல்லை" என்று இருக்கிறது. இரண்டுமே உண்மை. அதனால்தான் இந்தச் சண்டை இத்தனை மாதமாகத் தீரவில்லை.

அவர் பக்கம் உடம்பு சார்ந்த காரணம் ஒன்றும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு 2,400 மீட்டருக்கு மேல் காற்றில் உட்கார்ந்தால் கால் மணி நேரத்திலேயே குளிர் ஏறும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு எழுந்து நடப்பது ஒன்றே குறியாக இருந்திருக்கும். அந்த "போலாமா" உங்களைச் சுமையாக நினைத்து வந்ததுதான் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நின்றதும் ஈரச் சட்டையை மாற்றி ஜாக்கெட் போட்டுக்கொண்டால் இந்த அவசரம் பெரும்பாலும் வராது.

சொல்லாமலே புரிய வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டில் 24 வருஷப் பழக்கத்தில் பல விஷயம் சொல்லாமலே புரியும். பல நாள் மலைநடைக்கு நீங்கள் இரண்டு பேரும் புதியவர்கள். நீங்கள் பட்ட வேதனையை அவரிடம் நேரான வாக்கியமாகச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. ஒன்றரை நாள் மௌனத்தை அவர் "களைப்பு" என்றுகூட எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஏறி முடித்த கையோடு பேசாமல் இருந்தது மட்டும் நல்லதுதான். தம்பதியரின் வாக்குவாதங்களை ஆய்வகத்தில் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். சண்டையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக உள்ளே போகாது, அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் கண்டது. பையோடு செங்குத்தில் ஏறும்போது கோபமே இல்லாமலும் துடிப்பு அதைத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் மனக்குறையைத் தொடங்கினால் நல்ல வார்த்தைகூடத் தப்பாகக் கேட்கும். விடுதிக்குப் போய், குளித்து, ஏழு மணி வாக்கில் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் பேச ஏற்றது. சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டறையில் மற்றவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். கிசுகிசுத்துப் பேசித் தீரும் விஷயம் இல்லை இது.

இனி நடையின் ஏற்பாடு. ஏற்றத்தில் நீங்கள் முன்னால், அவர் பின்னால். இதுதான் முதல் மாற்றம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேகமாக நடப்பவர் மெதுவாக நடந்தால் அவருக்குச் சலிப்பு வரும், அவ்வளவுதான். மெதுவாக நடப்பவர் தன் வேகத்தை மீறினால் மூச்சு வாங்கி, தசை சோர்ந்து, கால் தடுமாறும். மாலை இறக்கத்தில் முழங்கால் பிடிப்பதற்குக் காலையில் வீணான சக்தியும் ஒரு காரணம். உங்கள் வேகம் சரியா என்று பார்க்க, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள். நடுவில் உடைந்தால் வேகம் அதிகம்.

இரண்டாவது, எடை. முதுகுப்பை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 60 கிலோ என்றால் தண்ணீரோடு 6 கிலோ. இந்தப் பாதையின் விடுதிகளில் போர்வை கிடைக்கும், உள்விரிப்பு உறை மட்டும் கொண்டுபோனால் போதும் என்பதால் இது நடக்கக்கூடியதே. உங்கள் பையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர், மருந்துப் பை, நொறுக்குத்தீனி என்று இரண்டு கிலோ அவர் பைக்குப் போகட்டும். இடைவெளி இரண்டு பக்கமும் குறையும்.

மூன்றாவது, ஓய்வின் கடிகாரம். பின்னால் வருபவர் பையை இறக்கி வைத்த பிறகுதான் அது ஓடத் தொடங்க வேண்டும். அப்போதிலிருந்து 15 நிமிடம் இருவர் பையும் தரையில் கிடக்க வேண்டும். தண்ணீர், உப்புள்ள ஏதாவது, ஒரு பிடி முந்திரி திராட்சை. கிளம்பலாம் என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

முழங்காலுக்கு: ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுக்கும். உடல் எடையைத் தாங்கியபடியே தொடைத்தசை நீள வேண்டியிருப்பதால் அது சீக்கிரம் களைத்து, பாரம் மூட்டுக்கு இறங்கும். இரண்டு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடங்கும் நீளம். இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். வலி தொடர்ந்து இருந்தால் பதிவு செய்யும் முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நாள் திட்டத்தை அவர் வேகத்தில் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஜெர்மானிய நடையாளர்களின் கணக்கு இது: மணிக்குச் சமதளம் 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர், இறக்கம் 500 மீட்டர். தூரத்துக்கான நேரம் ஒன்று, ஏற்ற இறக்கத்துக்கான நேரம் இன்னொன்று. பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். உங்கள் இரண்டாம் நாள் லே ஷாப்பியே கிராமம் வரை சுமார் 18 கிலோமீட்டர், இறக்கம் 930 மீட்டர். கணக்குப்படி ஓய்வில்லாமலே ஏறக்குறைய எட்டரை மணி நேரம். மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது. மிச்சமுள்ள ஒவ்வொரு நாளையும் நீங்களே இப்படிப் போட்டுப் பாருங்கள். திட்டம் அவருடையதாக மட்டும் இருக்காது.

மிச்சப் பாதையில் உங்களுக்குச் சாதகமான ஓர் இடம் உண்டு. ஷாம்பெ ஏரியிலிருந்து த்ரியான் கிராமத்துக்கு இரண்டு வழி. ஒன்று 2,665 மீட்டர் உயர ஃபெனெத்ர் தார்பெத் கணவாய் வழி, பாறைக்குவியல் நிறைந்தது. மற்றது போவின் மேய்ச்சல்வெளி வழி, அதன் உச்சி 2,000 மீட்டரை ஒட்டியது. அவர் மேலே, நீங்கள் கீழே; மாலையில் த்ரியானில் சந்திக்கலாம். அவர் ஆசை தீர வேகமாக நடக்க ஒரு நாள், நீங்கள் பசுக்களின் கழுத்துமணி கேட்டுக்கொண்டு நடக்க ஒரு நாள். கணவாயில் பனி கிடந்தாலோ இடி எதிர்பார்க்கப்பட்டாலோ இருவரும் போவின் வழியே. பிரியும் நாளில் இருவர் கையிலும் வரைபடம், நெற்றியில் கட்டும் விளக்கு, தண்ணீர் தனித்தனியாக இருக்க வேண்டும். அவசர எண் மூன்று நாட்டிலும் 112.

அடுத்த பயணத்தின் முதல் நாள் கூர்மாயூரிலிருந்து பெர்தோனே விடுதிக்கு 760 மீட்டர் செங்குத்து, பிறகு பொனாட்டி விடுதி வரை பெரும்பாலும் சீரான பாதை. புதிய ஏற்பாட்டைப் பழக அது நல்ல நாள். லா ஃபூலியிலிருந்து ஷாம்பெக்கு, முழங்கால் கெஞ்சினால், ஓர்சியேரில் மாறிப் பஸ்ஸில் போகலாம். கடைசி நாள் பிரெவான் சிகரத்திலிருந்து லே ஊஷுக்கு 1,500 மீட்டர் தொடர் இறக்கம். அங்கே ஷாமொனிக்கு இறங்கும் கேபிள் காரின் இயங்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

நீங்கள் துணையா சுமையா என்பதற்குப் பதில் மலையில் கிடைக்காது, வீட்டில்தான் தேட வேண்டும். பணம், மகள், உறவினர் விஷயங்களிலும் அவர் முன்னால் போய்விட்டு உங்களை வந்து சேரச் சொல்கிறவரா? ஆமென்றால் இது நடைவேகப் பிரச்சினை இல்லை. இருவரும் சேர்ந்து ஆலோசகரைப் பாருங்கள். மற்ற இடங்களில் கைகோர்த்து நடப்பவர்தான் என்றால், ஒரு மாலை சாப்பிட்ட பிறகு இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: "அன்னைக்கு நான் மேல வந்ததும் நீங்க எழுந்துட்டீங்க. எனக்கு உட்காரணும்போல இருந்துச்சு, உங்ககூட. அடுத்த தடவை நான் வந்தப்புறம் பதினஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் உட்காருவோம்." "நீங்க எப்பவுமே" என்று தொடங்க வேண்டாம்.

பிறகு உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பாட் உராக் பக்கம் ஒரு சனி, ஞாயிறு நடந்து பாருங்கள். நாளுக்கு மொத்தம் 800 மீட்டராவது ஏறும்படி பாதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் அவசியம். முழங்காலும் மனமும் உண்மையைச் சொல்வது அன்றுதான். ஞாயிறு மாலை இரண்டும் சரியாக இருந்தால், அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து பொனாட்டி விடுதியிலிருந்து பதிவைத் தொடங்குங்கள். இந்த விடுதிகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும்.