அழித்தாலும் திரும்பி வரும் செக் என்ஜின் விளக்கு

ஸ்கேனர் வைத்து அழித்த பிறகு செக் என்ஜின் விளக்கு ஒரு வாரம் எரியாமல் இருந்து மீண்டும் வருகிறது, ஒவ்வொரு முறையும் புகை வெளியேற்றம் தொடர்பான கோடுதான் (code, கோளாறைக் குறிக்கும் எண்) காட்டுகிறது, எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் பதில்.

அந்த ஒரு வார இடைவெளியில் கோளாறு எங்கும் போய்விடவில்லை. அந்தக் கோடு அழிக்கப்படும்போது காரின் கணினி அதுவரை செய்து முடித்த சோதனைகளின் பதிவும் சேர்ந்து அழிந்துவிடுவதால், அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. புகை தொடர்பான பெரும்பாலான கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் (என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஓர் ஓட்டம்) கண்ட பிறகே விளக்கை எரிய விடுகிறது. கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டால் தொடர்ந்து 3 ஓட்டங்களில் அது தென்படாத நிலையில் விளக்கு தானாகவே அணைந்துவிடும் என்பதால், நாம் அழிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை.

என் காரில் வந்தது பி0420, அதாவது புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்னும் கோடு. ஒரு பட்டறையில், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார்களில் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு வந்தது. கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்ட பிறகுதான் நானே குனிந்து பார்க்கும் ஞானம் வந்தது.

பல கார்களில் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் வோல்டேஜ் சுமார் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது 0.6, 0.7 அளவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். என் காரில் பின்னாலிருந்ததும் முன்னாலிருந்ததைப் போலவே ஆடியது. இதைப் பார்த்ததும் கன்வர்ட்டர் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அடியிலிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி வந்து, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுவதை நான் கவனித்தேன். சூடு ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின் சென்சாருக்குச் சற்று முன்னால் இரண்டு புகைக் குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சின் (இணைப்புத் தட்டின்) ஓரத்தில் விரலகலத்துக்கு கரி படிந்திருந்தது. இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் விட்டிருந்தது. அந்த இடைவெளி வழியே புகையை வெளியே தள்ளுவதோடு வெளிக்காற்றையும் குழாய் உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் சென்சார் அளந்துகொண்டிருந்தது. கேஸ்கட்டை மாற்றியதும் வோல்டேஜ் நிலைத்தது, விளக்கு அதன்பின் வரவில்லை. கழற்றிய பழைய சென்சாரில் குறையே இல்லை, அது என் டூல் பெட்டியில் கிடக்கிறது.

உங்கள் கோடு பி0442, பி0455 போன்றதாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு, அது பெட்ரோல் ஆவி கசிவதைச் சொல்வது. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் நிரப்பியவுடன் வண்டி சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வின் மேல் சந்தேகம் கொள்ளலாம். அதைக் கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் காற்று செலுத்திப் பார்த்தால் மூடியிருக்க வேண்டும், காற்று தாராளமாகப் போனால் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது. எதுவும் தென்படாவிட்டால் புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போவதே மேல்.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது; எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

அடுத்த முறை விளக்கு வரும்போது, அழிப்பதற்கு முன்பே கோடின் எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவில் (கோளாறு கண்ட நேரத்து அளவுகளைக் கணினி சேமிப்பது) இருக்கும் வேகம், என்ஜின் வெப்பம், ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவைக் கணினி கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஆகியவற்றையும் குறித்துவைத்து இங்கே எழுதுங்கள்.