ஜப்பானில் ராணுவக் குடும்பமாக வாழ்ந்த நாட்களில் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்த பயணம் எது?

எங்களுக்கு அது யோகோசுகா துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் சருஷிமா என்ற குட்டித் தீவு. படகில் பத்து நிமிடம்தான். கியோட்டோ போனோம், ஃபுஜி மலையையும் பார்த்தோம். ஆனாலும் என் பிள்ளைகளிடம் கேட்டால் இன்றும் இந்தத் தீவைத்தான் சொல்வார்கள்.

என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். யோகோசுகாவில் உள்ள தளத்தில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். கப்பல் கிளம்பிவிட்டால் திரும்பும் நாள் வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு வசந்த காலத்தில் நான்கு மாதம் கழித்து வந்து இறங்கியவர், "கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போகலாம்" என்றார். எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் "குரங்குத் தீவு" என்று பிடித்த பிடியை விடவில்லை. ஜப்பானிய மொழியில் சரு என்றால் குரங்கு, ஷிமா என்றால் தீவு. நான்கு மாதம் அப்பாவைப் பார்க்காத பிள்ளைகள் கேட்கும்போது எந்த அப்பாவால் மறுக்க முடியும்? சனிக்கிழமை காலையில் மறுபடியும் கடலுக்கே கிளம்பினோம்.

படகுத்துறை இருப்பது மிகாசா பூங்காவை ஒட்டி. 1905ஆம் ஆண்டு ரஷ்யாவுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் ஜப்பானிய அட்மிரல் டோகோ ஏறி நின்ற மிகாசா போர்க்கப்பல் அங்கே கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பாழடைந்து கிடந்த அதைச் சீரமைக்கக் குரல் கொடுத்து உதவியவர்களில், அந்தப் போரில் ஜப்பானை எதிர்த்து நின்ற அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் ஒருவர். 1961இல் மீண்டும் திறந்தார்கள். என் கணவர் அந்தக் கப்பலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிள்ளைகள் அவருடைய கையைப் பிடித்துப் படகை நோக்கி இழுத்தார்கள்.

தீவில் இறங்கியதும் மகன் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். குரங்கு இல்லை. ஒன்றுகூட இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி கடலில் புயலில் சிக்கியபோது ஒரு வெள்ளைக் குரங்கு தோன்றி இந்தத் தீவுக்கு வழிகாட்டியது என்பது ஐதிகம். பெயர் அதிலிருந்து வந்தது. கதையைச் சொன்னதும் மகன், "அப்படியானால் அது இப்போது எங்கே?" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் நாங்கள் முழித்தோம். 1880களில் டோக்கியோ விரிகுடாவைக் காக்க ராணுவம் கட்டிய செங்கல் கோட்டையும் பாசி படிந்த சுரங்கப்பாதையும்தான் அவனைச் சமாதானப்படுத்தின. உள்ளே நின்று அவன் குரங்கைப்போலக் கத்த, எதிரொலியாகப் பத்துக் குரங்குகள் பதில் சொல்லின.

இனிதான் விஷயம். விடியற்காலையில் எழுந்து உளுந்து அரைத்து மெதுவடை சுட்டு, எலுமிச்சைச் சாதமும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். கடற்கரையில் பருந்து படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருந்தது. படித்தும் இருந்தோம். கணவர் முதல் வடையைக் கையில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விசிறல். இறக்கை அவர் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. கையில் வடை இல்லை. விரலில் ஒரு கீறல்கூட இல்லை! அத்தனை துல்லியம்.

ஒரு நொடி மௌனம். பிறகு மகள், "அம்மா, கதையில் காக்கா அல்லவா வடையைத் தூக்கும்?" என்றாள். மகன் உடனே, "நரி எங்கே?" என்றான். என் கணவர் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உணர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது பருந்து மகள் கையில் இருந்த வடையையும் கொண்டுபோனது.

பக்கத்துப் பாயில் இருந்த ஒரு ஜப்பானியப் பாட்டி, "தொம்பி, தொம்பி" என்று மேலே கைகாட்டினார். அந்தப் பருந்துக்கு அங்கே அதுதான் பெயர். எதிர்பாராமல் கைப்பொருளைப் பறிகொடுத்தால், பொரித்த தோஃபுவை (சோயா பால்கட்டி) தொம்பியிடம் பறிகொடுத்தது போல என்று அவர்கள் ஊரில் பழமொழியே உண்டு. பாட்டி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, கொடுத்தார். நான் ஒரு வடையை நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கி, நடுவில் இருந்த துளை வழியாக என்னைப் பார்த்து, "டோனட்?" என்றார். அப்புறம் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கவனமாகச் சாப்பிட்டார்.

மீதியைக் கட்டி வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பி, பசியோடு ஒரு கடையில் கடற்படைக் கறி (சோற்றோடு பரிமாறும் கெட்டிக் குழம்பு) சாப்பிட்டோம். யோகோசுகாவின் பெருமையே அதுதான். மீஜி பேரரசர் காலத்தில் (1868–1912) வெள்ளைச் சோற்றை மட்டுமே நம்பியிருந்த மாலுமிகள் சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயால் மடிந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவை மாற்றி அதைத் தடுத்தார். பிரிட்டிஷ் கடற்படையைப் பார்த்துக் கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய கறியும் கப்பல் சமையலில் இடம்பிடித்தது. 1908ஆம் ஆண்டுக் கடற்படைச் சமையல் நூலின் முறையில்தான் யோகோசுகாவில் இன்றும் சமைக்கிறார்கள். கூடவே சாலட்டும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம் வரும். நம் 'கறி' ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்கு வந்து 'கரே' ஆகி, யோகோசுகாவில் என் தட்டில் இருந்தது. பிள்ளைகளிடம் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜப்பானியக் கடற்படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறி சாப்பிடுவார்கள். கடலில் கிழமை மறந்துபோகாமல் இருக்க அந்த வழக்கம் என்பார்கள். கணவர் கரண்டியை வைத்துவிட்டு, "எனக்கும் அங்கே கிழமை தெரியாமல் போய்விடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் கறியும் பாலும்தான்.

நீங்கள் அங்கே போனால் கூரைக்கு அடியிலோ சுவரில் முதுகைச் சாய்த்தோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். பருந்து பின்பக்கமிருந்துதான் வரும்.

அடுத்த முறை கப்பல் கிளம்பியபோது மகள் ஒரு படம் வரைந்து அப்பாவின் பையில் வைத்தாள். அதில் கடல், பாட்டி, வடையோடு பறக்கும் பருந்து எல்லாம் இருந்தன. மரத்தில் ஒரு வெள்ளைக் குரங்கும் உட்கார்ந்திருந்தது.