பறித்த ஒலிவங்காயை ஆலைக்குப் போகும்வரை எத்தனை நாள் வைக்கலாம்?

கேள்வி: சிசிலியில் பலெர்மோவுக்கு அருகே நாற்பது ஒலிவ மரங்கள் உள்ள தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். வேலை முடிந்து மாலையில் மட்டுமே பறிக்க முடிவதால், தனியாக அரைத்துத் தர ஆலை கேட்கும் 300 கிலோ சேர்வதற்கு ஆறு நாள் ஆயிற்று. அதுவரை காயைப் பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டிக் கொட்டகையில் வைத்திருந்தேன். எண்ணெயின் அமிலத்தன்மை 1.4 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்; புளித்த கள்ளைப் போல் ஒரு வாடையும் இருக்கிறது. சில நாள் வைத்து அரைத்தால் எண்ணெய் கூடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: எள்ளையும் நிலக்கடலையையும் கொப்பரையையும் நன்றாகக் காயவைத்து, வசதிப்பட்ட நாளில் செக்குக்குக் கொண்டுபோவது நமக்குப் பழகிய முறை. அவை ஈரம் வற்றிய விதைகளும் பருப்புகளும் ஆகையால் அந்த முறை அவற்றுக்குப் பொருந்துகிறது. ஒலிவத்திலோ எண்ணெயின் பெரும்பகுதி சதையில் இருக்கிறது. பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஆகவே அதைத் தானியத்தைப் போலன்றி, கனிந்த தக்காளியைப் போலக் கையாள வேண்டும்.

பறித்த பின்னும் பழம் சுவாசிக்கிறது. சுவாசிக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. காற்றுப் புகாத சாக்கில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. மூன்றாம் நாளில் சாக்கின் நடுவே கையை விட்டுப் பார்த்திருந்தால் கதகதப்பும் பிசுபிசுப்பும் தெரிந்திருக்கும். மேலுள்ள பாரத்தில் அடிப்பழங்கள் நசுங்க, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த எண்ணெயும் சாறும் கலக்கின்றன; பழத்திலும் பூஞ்சையிலும் உள்ள லைபேஸ் என்னும் நொதி எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. உங்கள் 1.4 சதவீதம் என்பது இப்படி விடுபட்ட அமிலங்களின் கணக்குத்தான். கள் வாடைக்குக் காரணம் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. இத்தாலியச் சுவைஞர்கள் இந்தக் குறையை ‘ரிஸ்கால்டோ’ என்கிறார்கள். சூடேறியது என்று பொருள். எங்கே தவறு நடந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்னும் முதல்தர ஒலிவ எண்ணெயில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; சுவையிலும் மணத்திலும் குறை ஏதும் இருக்கக்கூடாது. 2 சதவீதம் வரை அடுத்த தரமான ‘வெர்ஜின்’. அதற்கும் மேலே போனால் ‘லம்பாந்தே’, அதாவது விளக்கெரிக்கும் எண்ணெய், சுத்திகரிக்காமல் உண்ணத் தகாதது. இந்த அமிலத்தன்மை நாக்குக்குப் புளிப்பாகத் தெரியாது, ஆய்வில்தான் தெரியும். நொதித்தலில் உண்டான எத்தனால் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து எத்தில் எஸ்டர்களாக எண்ணெயில் தங்கிவிடுவதால், பழம் கிடந்து கெட்டதைப் பின்னாளிலும் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸ்ட்ரா வெர்ஜினில் அவற்றுக்குக் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று வரம்பே இருக்கிறது. தொண்டையில் காரமாக உறைக்கும் பாலிபீனால்களும் கிடப்பில் குறைகின்றன.

பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நூறு கிலோ பழத்தில் 18 கிலோ எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடி 90 கிலோவாகும்போது அதே 18 கிலோ, இருபது சதவீதமாகத் தோன்றும். எண்ணெய் ஒரு சொட்டும் கூடவில்லை, தண்ணீர்தான் போயிற்று. சதை இளகுவதால் சற்று எளிதாகப் பிரியும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் அந்தச் சிறு ஆதாயத்துக்கு நீங்கள் கொடுத்தது எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற தரத்தை.

ஆகவே, பறித்த 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுங்கள். முன்னதாக முடிந்தால் இன்னும் நல்லது. முதலில் ஆலையில் நாள் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளில் ஆள் சேர்த்துப் பறிப்பதுதான் சரியான வரிசை. ஆள் கிடைக்காவிட்டால், உங்களைப் போலவே சிறு தோட்டம் வைத்திருக்கும் ஒருவரோடு கூட்டாக 300 கிலோ சேர்த்து எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவருடைய பழமும் அன்று பறித்ததாக இருக்க வேண்டும். ஓர் இரவு வைக்க நேர்ந்தால், துளையுள்ள ஆழமற்ற பெட்டிகளில் பரப்பி, காற்றோட்டமான குளிர்ந்த நிழலில் வையுங்கள். கழுவுவதை ஆலைக்கு விட்டுவிடுங்கள், ஏனெனில் ஈரத்தோடு வைத்த பழத்தில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். தரையில் உதிர்ந்ததையும் ஒலிவ ஈ துளைத்ததையும் நல்ல பழத்தோடு சேர்க்காதீர்கள். 5 பாகை செல்சியஸ் குளிர் அறையில் காயமில்லாத பழத்தைக் கூடுதல் நாள் வைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கட்டிய சாக்கை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச்சேராது. பச்சையாகப் பறித்த உறுதியான காய், கறுத்துக் கனிந்ததைவிடச் சற்றுத் தாங்கும்.

இந்த ஆண்டு எண்ணெயின் வாடையை வீட்டில் நீக்க முடியாது. நல்ல எண்ணெயோடு கலந்தால் அதையும் கெடுத்துவிடும் என்பதால், அடியில் படிந்த மண்டியிலிருந்து வடித்தெடுத்து, வெளிச்சம் படாத கலத்தில் வைத்து, சமையலுக்கு முதலில் இதையே செலவழியுங்கள்.