காய்ந்த மரத்துக்கு டிரைக்கோடெர்மா ஊற்றினால் பிழைக்குமா?

கேள்வி: மாஞ்சியம் என்ற அகேசியா வகை மரங்களை வெட்டிய இடத்திலேயே மறுபடியும் மாஞ்சியம் நட்டேன். இப்போது ஐந்து வயது. ஒரு மூலையில் நான்கு மரங்கள் இலை வெளுத்து, உச்சியிலிருந்து காய்ந்துவிட்டன. தூரில் பழுப்புத் தட்டுக் காளான் முளைத்திருக்கிறது. டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். மரம் பிழைக்குமா? பக்கத்து மரங்களுக்குப் பரவுமா?

பதில்: அந்த நான்கும் பிழைக்காது. பரவுமா என்றால், பரவும். உங்கள் செலவையும் உழைப்பையும் பக்கத்து மரங்கள் பக்கம் திருப்புங்கள்.

வெளியே தெரியும் காளான் கடைசிக் கட்டம். பூஞ்சை அதற்கு வெகு முன்பே வேருக்குள் புகுந்து கட்டையைத் தின்னத் தொடங்கியிருக்கும். எந்தப் பூஞ்சை என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். காய்ந்த மரத்தின் தூரை ஒட்டித் தோண்டி, பக்க வேர் ஒன்றின் மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேரின்மேல் சுருக்கம் விழுந்த செந்நிறத் தோல் போர்த்தியதுபோல இருந்தால் அது கனோடெர்மா வகைச் சிவப்பு வேரழுகல். கழுவாமல் பார்த்தால் வெறும் மண் அப்பியதுபோலத்தான் தெரியும், அதனால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. பட்டையை உரித்தால் உட்புறம் வெள்ளைப் படலம் இருக்கும். செந்தோலுக்குப் பதிலாக ஷூ கயிறுபோலக் கறுப்பு இழைகள் ஓடினால் ஆர்மில்லேரியா என்ற வேறொரு வேரழுகல் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும்.

கனோடெர்மா பெரும்பாலும் வேரோடு வேர் உரசும் இடத்தில்தான் அடுத்த மரத்துக்குத் தாவுகிறது. முந்தைய நடவின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தால் அவையே அதற்குச் சாப்பாடு. இந்தோனேசியாவின் மாஞ்சியம் தோட்டங்களில் இரண்டாம், மூன்றாம் நடவுகளில் வேரழுகல் மோசமானது இப்படித்தான். உங்கள் தோப்பிலும் நோயின் விதை பழைய கட்டையில் இருந்திருக்கும்.

சரி, டிரைக்கோடெர்மாவுக்கு வருவோம். அதுவும் ஒரு பூஞ்சைதான். மற்றப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து, நொதிகளால் அதன் சுவரைக் கரைத்து உண்ணும். ஆய்வகத் தட்டில் பார்க்க அழகாக இருக்கும்; சில நாட்களில் பச்சைப் பொடி தட்டு முழுக்கப் பரவி எதிரியை அமுக்கிவிடும். ஆனால் தட்டில் ஜெயிப்பதும் தோப்பில் ஜெயிப்பதும் ஒன்றல்ல. நோய்க்கிருமி கட்டைக்குள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஊற்றுவது மண்ணில் நின்றுவிடும்.

மரங்களில் உயிரியல் கட்டுப்பாடு, அதாவது ஓர் உயிரைக் கொண்டே நோய்க்கிருமியை அடக்குவது, பெரும்பாலும் இடம் பிடிக்கும் போட்டி. இதைத் தெளிவாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத். பைன் மரம் வெட்டியதும் அதன் ஈரமான வெட்டுமுகத்தில் ஹெட்டரோபேசிடியான் என்ற வேரழுகல் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து விழுந்து, வேர் வழியாக நிற்கிற மரங்களுக்குப் போகின்றன. அதற்கு முன்பே ஃபிளபியாப்சிஸ் ஜைகேன்டியா என்ற, செத்த கட்டையை மட்டும் தின்னும் பூஞ்சையை அங்கே தடவிவிட்டால் வந்தவனுக்கு இடமில்லை. 1963இல் அவர் வெளியிட்ட இந்த முறை ஐரோப்பாவில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மரம் வெட்டும் இயந்திரமே வெட்டும்போது கரைசலைத் தெளித்துவிடும். வெட்டிய உடனே செய்தால்தான் பலன்.

நோய் வந்தபின் குணமாக்கிய கதையும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் செஸ்ட்நட் மரத்தின் பட்டைக் கருகலை உண்டாக்கும் பூஞ்சைக்கே ஒரு வைரஸ் நோய் வந்து அதன் வீரியம் குறைந்தது, மரத்தின் புண்கள் ஆறின. அந்த வைரஸைப் பரப்பிவிடும் உத்தி அமெரிக்காவில் பெரிதாகப் பலிக்கவில்லை. அங்கே அந்தப் பூஞ்சையில் ஒன்றோடொன்று ஒட்டாத ரகங்கள் அதிகம், அதனால் வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியவில்லை. உங்கள் வேரழுகலுக்கு அப்படி ஒரு வைரஸ் மருந்து கையில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: நான்கு மரங்களையும் அடிக்கட்டை, பெருவேர்களோடு பிடுங்கி எடுங்கள். இது சிரமமான வேலை, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். அந்தக் கட்டையைத் தூளாக்கித் தோப்பில் மூடாக்குப் போட்டுவிடாதீர்கள். சுற்றி நிற்கும் முதல் வரிசையின் வேர்களையும் கழுவிப் பாருங்கள். செந்தோல் இருந்தால் இலை பச்சையாக இருந்தாலும் அதுவும் போக வேண்டியதுதான். அதற்கு வெளியே, நல்ல மரங்கள் தொடங்கும் இடத்தில், பக்க வேர்கள் அறுபடும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி வையுங்கள். வேர் மறுபடி குறுக்கே வளரும், அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

அப்புறம், டிரைக்கோடெர்மா வாங்கியிருந்தால் வீணாக்க வேண்டாம். நன்றாக மக்கிய தொழுஉரத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது, பள்ளத்துக்கு வெளியே உள்ள நல்ல மரங்களின் தூரைச் சுற்றி இடுங்கள். அது உயிருள்ள பொருள், காலாவதித் தேதியைப் பாருங்கள். கூடவே பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் அதையும் சேர்த்துக் கொன்றுவிடுவீர்கள். இதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். கூடுதல் காவல், அவ்வளவே.

காலியான இடத்தில் உடனே மாஞ்சியம் நட வேண்டாம். என்ன நடலாம் என்று முடிவு செய்யுமுன், பாதி உயிரோடு இருக்கும் வேர்த் துண்டு ஒன்றைக் காகித உறையில் போட்டு நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து வேறு பூசணம் பிடித்துவிடும். முழுக்கச் செத்த வேரும் வேண்டாம். அதில் நோய்க்கிருமியைவிடக் குப்பைப் பூஞ்சைகள்தான் அதிகம் கிடைக்கும்.