ஐந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் காட்டுயிர்களுக்கு இடம் விட முடியுமா?

கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டு, ஒரு மூலையில் பத்து மரம் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் பிறகு வைக்கலாம். முதலில் பழைய உயிர்வேலியைப் பிடுங்காதீர்கள்.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம் கொறங்காடு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை என்ற முள்செடி வேலி, மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த மேய்ச்சலில்தான். கோடையில் புல் காய்ந்துவிட்டாலும் வெள்வேல நெற்று உதிரும். ஆடுகளை அது தாங்கும்.

கிளுவை வேலி வெறும் எல்லைக்கோடு என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் காலை முழுக்க அதன் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி எல்லாம் அதில்தான் ஏறிக் கிடக்கும். உள்ளே தவிட்டுக்குருவிக் கூட்டம், செம்போத்து. அடியில் கவுதாரி, கீரி, ஓணான். சாரைப்பாம்பும் அங்கேதான் தங்கும். வயலில் எலி பிடிப்பது அதுதானே! வெள்வேலங்கிளையில் கரிச்சானும் பனங்காடையும் காத்திருந்து புழு பூச்சிகளைப் பிடிக்கும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் வடபுற வேலியை இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டோம். அரை நாள் வேலை. அடுத்த ஆடிக்காற்றில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. அந்தப் பக்கம் கவுதாரிச் சத்தமே அடங்கிப்போனது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

விளைச்சல் குறையாதா என்றால், குறையும். வேலியோரம் இரண்டு மூன்று உழவுச்சால் சோளம் நோஞ்சானாகத்தான் வரும். மயில் தொல்லையும் உண்மை; விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்றுவிடும். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு மூன்று சால்களை நான் நட்டக்கணக்கில் எழுதுவதில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. வேலியடியில் களைக்கொல்லி அடிக்காதீர்கள். கொடிகள் முதலில் சாகும். கிளுவையைக் கழிக்கும்போது நான்கு பக்கமும் ஒரே ஆண்டில் கழிக்காமல், ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். கொறங்காட்டைப் பகுதி பகுதியாக அடைத்து மாற்றி மாற்றி மேய விட்டால் புல் விதை விழும்வரை நிற்கும். சில்லையும் காடையும் அதை நம்பி வரும். உழும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் டிராக்டரை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். வெறுந்தரையில், மண்ணோடு மண்ணாகப் புள்ளி போட்ட முட்டைகள் இருக்கும். நான்கு குச்சி நட்டு அதைச் சுற்றி உழுதால் போதும்.

வடபுறம் மூன்று ஆண்டுகளுக்கு முன் மழையை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை மறுபடி நட்டோம். பாதிக்கு மேல் தழைத்துவிட்டன. கோவைக்கொடி நாங்கள் வைக்காமலே வந்துவிட்டது, பறவை எச்சத்தில் விழுந்த விதையாக இருக்கும். கவுதாரி இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. தினமும் விடியற்காலையில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.