“என்னை அனுப்பியிருப்பாயா, அம்மா?”

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பேச்சுப் போட்டிக்காக 1963-ல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினப் பிள்ளைகள் நடத்திய ஊர்வலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். போலீஸ் நாய்கள் பாயும் படங்களைக் காட்டி, “நாம் அங்கே இருந்திருந்தால் நீ என்னை அனுப்பியிருப்பாயா, அம்மா?” என்று கேட்டாள். “சத்தியமாக மாட்டேன்” என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைகளை முன்னே விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டது நியாயமா? நான் சொன்னதில் என்ன தவறு?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியை அன்றைக்கே பெரிய மனிதர்கள் கேட்டுவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைத் தெருவில் இறக்குவது ஆபத்தான வேலை என்று அப்போதைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி எச்சரித்தார். ஆண்பிள்ளைகள் என்றால் தங்கள் குழந்தைகளை இப்படி முன்னே நிறுத்துவார்களா என்று கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சாடினார். போராட்டத்தை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங்கே முதலில் தயங்கத்தான் செய்தார்.

ஆனால் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த ஏப்ரலில் கிங் சிறைக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவருக்குப் பின்னால் போக ஆட்கள் குறைந்துபோனதற்குக் காரணம் கோழைத்தனம் இல்லை. சம்பளம் கொடுப்பவர் வெள்ளைக்காரர். ஒரு நாள் சிறைக்குப் போனால் மறுநாள் வேலை இருக்காது, வீட்டில் உலை கொதிக்காது. ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் போட்ட கணக்கு இதுதான்: பிள்ளைகளுக்குப் பறிபோக வேலை இல்லை. கேட்கவே நெஞ்சு சுருங்கும் கணக்கு. அதை மெழுகிப் பூச எனக்கு மனமில்லை.

என்றாலும், ஒன்றும் தெரியாத பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகவில்லை. அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்பது எப்படி என்று முன்கூட்டியே பயிற்சி கொடுத்தார்கள். மே 2, வியாழக்கிழமை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைத் துறந்தார்கள். கதவைப் பூட்டிய பள்ளியில் வேலி ஏறிக் குதித்து வந்தார்கள். பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கதவு திறக்கும். ஐம்பது பேர் வரையிலான ஒரு கூட்டம் பாடிக்கொண்டே வெளியே வரும். அவர்களைக் கைது செய்து முடிப்பதற்குள் கதவு மறுபடி திறக்கும். போலீஸ் வண்டிகள் போதாமல் பள்ளிப் பேருந்துகளைக் கொண்டுவந்தார்கள். சிறையில் இடமில்லாமல் பொருட்காட்சித் திடலில் அடைத்தார்கள். மறுநாள்தான் புல் கானர் என்ற அதிகாரி தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். மே 10-ல், கடைகளில் பிரிவினையைக் கைவிட நகர வணிகர்கள் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அந்த ஊர்த் தாய்மார்களும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒன்பது வயது ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ் ஏறத்தாழ ஒரு வாரம் சிறையில் இருந்தாள். அவளுடைய பெற்றோர் இயக்கத்தில் ஊறியவர்கள், சம்மதித்தே அனுப்பினார்கள். கூடவே கூடாது என்று தடுத்த பெற்றோரும் நிறைய. அவர்களுக்குத் தெரியாமல் போன பிள்ளைகளும் உண்டு. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தாய்மார் பக்கம்தான் நீங்கள் நிற்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

தவறு “மாட்டேன்” என்பதில் இல்லை, “சத்தியமாக” என்பதில் இருக்கிறது. எப்போதோ முடிந்துபோன ஊர்வலத்துக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, சகோதரி. அம்மா கொஞ்சம் யோசிப்பாளா என்று பார்த்திருக்கிறாள். நீங்கள் ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டீர்கள். மறுபடி பேசுங்கள். முடிவை மாற்ற வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் தாராளமாகச் சொல்லலாம்.

அப்போது பார்பரா ஜான்ஸ் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் இடம் போதாமல் தார்க் காகிதம் அடித்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரலில் பதினாறு வயது பார்பரா, தலைமையாசிரியரைப் பொய்த் தகவலால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களைக் கூட்டி வேலைநிறுத்தம் தொடங்கினாள். கேட்டது நல்ல கட்டடம்தான். வந்த வழக்கறிஞர்களோ, பிரித்துவைக்கும் முறையையே எதிர்ப்பதாக இருந்தால், பெற்றோரும் துணை நின்றால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். பெற்றோர் துணை நின்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்த வழக்குகளில் அதுவும் ஒன்று.

இனி உங்கள் பயத்துக்கான பங்கு. மகளுக்கு ஆபத்து என்று பார்பராவை அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். தீர்ப்பை ஏற்க மனமில்லாத மாவட்ட நிர்வாகம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளையருக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் படிப்பே இல்லாமல் வளர்ந்தார்கள். பர்மிங்காமிலும் ஊர்வலம் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். இரண்டே நாளில் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது.

உங்கள் மகளின் பேச்சில் இந்தப் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நாய்ப் படங்களை நடுவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.