ஓவர்ஃப்ளோ வைத்த கடல்நீர்த் தொட்டியில் நீர்மட்டம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

மீன்தொட்டிக்கு இரண்டு குழாய் ஓவர்ஃப்ளோ (வழியும் தண்ணீரைக் கீழே இறக்கும் பெட்டியும் குழாய்களும்) போட்டு ஒரு மாதம் ஆகிறது, வால்வை எப்படித் திருப்பினாலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் கீழே சம்ப்பிலும் (கேபினட்டுக்குள் இருக்கும் கீழ்த்தொட்டி) மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததுமே உங்கள் நிலைமை கண்முன் வந்துவிட்டது. ராத்திரி 11 மணிக்கு டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கேபினட்டுக்குள் தலையை விட்டு, வால்வை மயிரிழை திருப்பிவிட்டு, அப்பாடா நின்றுவிட்டது என்று படுக்கப் போயிருப்பீர்கள். காலையில் எழுந்தால் சளசளவென்று அருவிச் சத்தம். நானும் இதை இரண்டு வாரம் செய்தவன்தான், அதனால் சொல்கிறேன், முதலில் வால்விலிருந்து கையை எடுங்கள்.

நீங்கள் "மட்டம்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்வது நாலு வெவ்வேறு மட்டம். மேலே மீன் இருக்கும் தொட்டியின் மட்டத்தை ஓவர்ஃப்ளோவின் பல் விளிம்பு தீர்மானிக்கிறது, பம்ப் ஓடும்வரை அது பெரிதாக அசையாது. சம்ப்பில் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நிற்கும் அறையைத் தடுப்புக் கண்ணாடியின் உயரம் தீர்மானிக்கிறது, அதுவும் அசையாது. ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இருக்கும் மட்டம்தான் வால்வுக்கும் பம்புக்கும் நடக்கும் இழுபறி. கடைசியில், தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறை. ஆவியாகிப் போகும் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் குறையும், வேறு எங்கும் குறையாது.

என் தொட்டி 100க்கு 50 செ.மீ., பம்ப் அறை 25க்கு 20. ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் மேலே 8 மில்லிமீட்டர் இறங்கவேண்டிய கணக்கு, கீழே அந்தச் சின்ன அறையில் 8 செ.மீ. ஆகத் தெரியும். பார்த்தவுடன் வயிறு கலங்கும். எனக்குக் கலங்கியது. வால்வு சரியில்லை என்று அதைத் திருகினேன், அது போதாதென்று இன்னொரு காரியமும் செய்தேன், அதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

கடல்நீர்த் தொட்டி, குறைவதும் கடல்நீர்தானே என்று உப்புநீரைக் கலக்கி வைத்துக்கொண்டு தினமும் அதையே ஊற்றினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயேதான் இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் கையில் வாளியோடு நிற்கும்போது பள்ளிக்கூடம் ஞாபகம் வருவதில்லை. லிட்டருக்கு 35 கிராம் என்றால் 4 லிட்டருக்கு 140 கிராம் உப்பு. பத்து நாளில் 1.4 கிலோ. என்னுடையது மொத்தம் 300 லிட்டர், ஆக 35ல் இருக்கவேண்டிய உப்பளவு 40க்குப் பக்கத்தில் போய்விட்டது. அளந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன் ஐயா, இரண்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்தேன். உப்பளவு காட்டும், முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். அந்த முள்ளில் வெள்ளையாக ஒரு படிவு ஏறிக் கனம் கூடிப்போய், அது குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. முதலில் சுத்தம் செய்யும் இறால்கள் இரண்டும் போயின. பாறைக்கு அடியில் வெளிறிக் கிடந்ததை முதலில் கழற்றிப் போட்ட சட்டை என்றுதான் நினைத்தேன், இறால் சட்டை உரிக்கும் இல்லையா, அடுத்த நாள்தான் புரிந்தது. அப்புறம் ஹாமர் கோரல் என்ற பவளம் சுருங்கி உள்ளே போனது. ஒரு நண்பரிடம் ரெஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயமே வெளிச்சத்துக்கு வந்தது. இறக்குவதையும் ஒரே நாளில் செய்யக்கூடாது என்பதால் தினம் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆக்கினேன்.

ஆகவே சம்ப்பில் பம்ப் அறை மட்டும் இறங்குகிறது என்றால் உங்கள் ஓவர்ஃப்ளோவில் ஒரு கோளாறும் இல்லை. நல்ல தண்ணீர் விடுங்கள், தினமும் விடுங்கள், முடிந்தால் ஃப்ளோட் சுவிட்ச் (மிதவை ஏறி இறங்கினால் இயங்கும் சுவிட்ச்) வைத்துத் தானாக விடுங்கள். ஒன்றுக்கு மேல் இன்னொரு சுவிட்ச் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும், ஏனென்றால் நத்தை ஏறி உட்கார்ந்தால் ஃப்ளோட் மேலே வராது, நல்ல தண்ணீர் விடும் பம்ப் நிற்காது. நல்ல தண்ணீர்த் தொட்டியையும் பெரிதாக வைக்காதீர்கள். 40 லிட்டர் மொத்தமாக உள்ளே போனால் என் 300 லிட்டரில் உப்பளவு 31க்கு இறங்கிவிடும்.

இனி வால்வு. அது இருக்கும் முதல் குழாய்தான் சைஃபன் குழாய், காற்றில்லாமல் நிரம்பித் தண்ணீரை இழுப்பது. அதில் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். பெட்டியின் மட்டத்திலிருந்து சம்ப் வரை 80 செ.மீ. என்று வையுங்கள். பெட்டிக்குள் 5 செ.மீ. ஏறினால்கூட ஓட்டம் 3 சதவீதம்தான் கூடும். இதையே திருப்பிப் படித்தால் உங்கள் தலைவலி புரியும்: பம்ப் 3 சதவீதம் கூடக் குறைய ஓடினாலே பெட்டியில் 5 செ.மீ. ஆடும். பம்பின் வாயில் கொஞ்சம் அழுக்கு, குழாய்க்குள் கொஞ்சம் பாசி, வால்வுக்குள் ஒரு சின்ன நத்தை, போதும். (என் வால்வில் நத்தைதான். கழற்றியபோது பிளவுக்குள் கச்சிதமாக, அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்திருந்தது, உயிரோடு.) ஆக வால்வை மட்டும் வைத்து மட்டத்தை அசையாமல் நிறுத்த யாராலும் முடியாது.

நான் செய்வது இதுதான். அவசரத்துக்கென்று இருக்கும் இரண்டாவது குழாயில் மெல்லிய நூல் மாதிரி தண்ணீர் எப்போதும் வழிய விடுகிறேன். கூடுதல் வந்தால் அந்த நூல் தடிக்கும், குறைந்தால் மெலியும், பெட்டியின் மட்டம் அந்தக் குழாயின் வாயிலேயே நிற்கும். உடனே ஹெர்பி என்ற இரண்டு குழாய் முறைக்காரர்கள் வருவார்கள், எமர்ஜென்சி குழாய் காய்ந்துதான் இருக்கவேண்டும் என்று. அடுத்தவர் பீன் அனிமல் என்ற முறை மாதிரி மூன்று குழாய் போடு, இரண்டாவதில் வழியட்டும், மூன்றாவது காயட்டும் என்பார். அதுதான் சிறந்தது, ஒத்துக்கொள்கிறேன், எனக்கு மூன்றாவது ஓட்டை போடக் கண்ணாடியில் இடமில்லை. முதல் குழாய் முழுவதும் அடைத்தாலும் இரண்டாவது குழாய் தனியாக எல்லாத் தண்ணீரையும் தாங்குகிறதா என்று வால்வை மூடிப் பார்த்த பிறகே இப்படி விட்டிருக்கிறேன். நீங்களும் பார்க்காமல் விடாதீர்கள். சத்தம் மாறினாலே எனக்குத் தெரிந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

வால்வைத் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது காத்திருங்கள். சைஃபன் குழாயின் நுனி சம்ப் நீரில் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் மூழ்க வேண்டாம், மூழ்கினால் காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்கத் தாமதமாகும்.

இவ்வளவு சொல்கிற நான் என் சம்ப்பைக் கழுவ முடிவதில்லை என்பது தனிக்கதை. கேபினட் செய்தவர் கதவுக்கு நடுவில் ஒரு தூணை நட்டுவிட்டார். சம்ப் உள்ளே இருக்கும்போதே செய்ததால் இனி அதை வெளியே எடுக்க வழியே கிடையாது. கேட்டால் "பலத்துக்கு, சார்" என்றார். 300 கிலோ மேலே நிற்கும்போது அவரோடு என்ன வாதாடுவது. வாதாடியிருக்கவேண்டும்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். மூன்று துண்டு டேப் எடுத்து ஓவர்ஃப்ளோ பெட்டி, ஸ்கிம்மர் அறை, பம்ப் அறை மூன்றிலும் இப்போதைய மட்டத்தில் ஒட்டுங்கள். பம்பை நிறுத்தி, தண்ணீர் இறங்கி முடிந்ததும் சம்ப்பில் எங்கே நிற்கிறது என்று நாலாவதாக ஒன்று ஒட்டுங்கள். என் தொட்டியில் ரிட்டர்ன் நுனி 3 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் அதற்கே 15 லிட்டர் கீழே வரும், ரிட்டர்ன் குழாயில் காற்றை உள்ளே விட்டு சைஃபனை உடைக்கும் துளை பாசியில் அடைத்தால் இன்னும் வரும். பம்பைத் திரும்பப் போட்டு, இரண்டு நாள் எதையும் தொடாமல், எந்த டேப்பிலிருந்து தண்ணீர் நகர்ந்தது என்று இங்கேயே எழுதுங்கள். வால்வு எந்த வகை என்பதையும் சேர்த்து. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே முழுதும் மூடும் பால் வால்வு (ball valve) என்றால் மேலே எழுதியதில் பாதி வீண், முதலில் அதை எடுத்துவிட்டு, பல சுற்று திருப்பி மெதுவாக மூடும் கேட் வால்வு போடுங்கள்.